ஆகஸ்ட் நம்பிக்கை முதல் மே கணக்கு வரை: நீலகிரி கால்பந்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் கிளப், படிப்பகம், டீக்கடை மாடி, எஸ்டேட் லைன் என்று கூடி உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் இடங்கள் நிறைய. ஆகஸ்டில் தொடங்கி மே வரை அங்கே கிளம்பும் கேள்விகளும் சண்டைகளும் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். முக்கால்வாசி வாக்குவாதம், இரண்டு பேரும் ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது. ஒருவர் புள்ளியைப் பேசுவார், இன்னொருவர் ஆட்டத்தின் அழகைப் பேசுவார். எதை வைத்து அளக்கிறோம் என்று முதலில் கேட்டுவிட்டால் பேச்சு ருசிக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதியவை.

முதல் நாலு மேட்ச் ஜெயித்துவிட்டோம். இந்த வருஷம் கப் நமக்குத்தானே?

யாரோடு ஆடி ஜெயித்தீர்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணி, ஆளுக்கு 38 ஆட்டம். ஆகஸ்ட், செப்டம்பர் அட்டவணை ஒருவருக்குச் சமவெளியாகவும் இன்னொருவருக்கு மலையேற்றமாகவும் அமைந்துவிடும். அதைச் சரிசெய்து பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இந்த சீசனில் ஆடிய ஒவ்வொரு மேட்சையும் எழுதுங்கள், சொந்த மைதானமா வெளியூரா என்பதோடு. பக்கத்தில், போன சீசனில் அதே அணியோடு அதே மைதானத்தில் எத்தனை புள்ளி கிடைத்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வருஷமும் கடைசி மூன்று அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும், அங்கிருந்து மூன்று மேலே வரும். அப்படிப் புதிதாக ஏறி வந்த மூன்று அணிக்குப் போன வருஷக் கணக்கு இருக்காது. இரண்டாம் டிவிஷன் சாம்பியனை, போன முறை 18-ம் இடத்தில் இறங்கிய அணியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டாவதாக வந்ததை 19-ம் இடத்துக்கும், பிளேஆஃப் ஜெயித்து வந்ததை 20-ம் இடத்துக்கும் ஈடாக வையுங்கள். பிறகு இரண்டு பத்தியையும் கூட்டி வித்தியாசத்தைப் பாருங்கள்.

நாலு மேட்சில் 12 புள்ளி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். போன வருஷமும் அதே நாலில் 12 எடுத்திருந்தால் முன்னேற்றம் பூஜ்யம். நாலில் 7 புள்ளிதான் எடுத்திருக்கிறீர்கள், ஆனால் போன முறை அதே நாலில் 3 என்றால், கூட்டமே தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாலும் அணி மேலே போகிறது என்று அர்த்தம். செப்டம்பரில் இந்த நோட்டை ஒரு தடவை சுற்றுக்கு விட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

ஒரு இடத்தில் இது தவறும். போன வருஷத்து எதிரணி கோச்சையும் முக்கிய ஆட்டக்காரர்களையும் மாற்றியிருந்தால் ஒப்பீடு சரியாக வராது. அப்படிப்பட்ட அணிகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

டேபிளை எப்போதிலிருந்து நம்பலாம்?

பத்து ஆட்டம் தாண்டினால் ஓரளவு நம்பலாம். 19 ஆட்டம் முடிந்தால் எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை மோதியிருப்பார்கள், அதற்குப் பிறகு டேபிள் பெரிய பொய் சொல்லாது. ஆனாலும் முடிவு எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2022-23 சீசனில் ஆர்சனல் 248 நாள் முதலிடத்தில் இருந்து, கடைசியில் இரண்டாவதாக வந்தது. மறுபக்கம், 2015-16ல் லெஸ்டர் மேலேயே இருந்தபோது கீழே வந்துவிடும், கீழே வந்துவிடும் என்று எல்லாரும் மே வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கப் அவர்களுக்குத்தான் போனது.

மேட்ச் நேரம் நவம்பரில் மட்டும் ஏன் மாறுகிறது? போன வாரம் ஏழரைக்கு வந்தது இந்த வாரம் எட்டரை என்கிறார்களே?

இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி, மார்ச் கடைசி ஞாயிறு அன்று மறுபடி முன்னால் கொண்டுவருவார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி.

சனிக்கிழமை அங்கே பகல் 12:30 ஆட்டம் நமக்கு மாலை 5 மணி, குளிர்காலத்தில் 6. மூன்று மணி ஆட்டம் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30. ஐந்தரை ஆட்டம் 10, பிறகு 11. ஞாயிறு நாலரை ஆட்டம் 9, பிறகு 10. அங்கே இரவு எட்டு மணிக்கு என்றால் நமக்கு நள்ளிரவு 12:30, குளிர்காலத்தில் 1:30. சாம்பியன்ஸ் லீக்கின் இரவு ஆட்டங்களும் இதே 12:30, 1:30 கணக்குதான். ஒரு மேட்ச் இடைவேளை, காயம்பட்ட நேரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒன்றரைக்குத் தொடங்கினால் எழுந்திருக்க மூன்றரை ஆகும்.

ரசிகர் மனநிலை நவம்பரில் கெடுவதற்கு இந்த ஒரு மணி நேரம் பெரிய காரணம். எட்டரை மேட்ச் பத்தரைக்கு முடிந்தால் ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) போகும் கடைசி பஸ் போயிருக்கும். காலை ஷிஃப்ட் இருப்பவர்கள் இரண்டாம் பாதியைப் பார்க்காமல் போவார்கள், மறுநாள் அரைகுறையாகக் கேட்டதை வைத்துச் சண்டை போடுவார்கள். அக்டோபர் கடைசி வாரமே புது நேரத்தைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நள்ளிரவு மேட்ச். டிசம்பர் குளிர். உள்ளே கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

கதவு ஜன்னல் மூடிய அறையில் கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, புகையும் தெரியாது. தலைவலி, தூக்கம், பிறகு மயக்கம். மேட்ச் பார்த்துக் களைத்தவர்கள் அதைச் சாதாரணத் தூக்கம் என்றே நினைப்பார்கள். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கம்பளி, ஸ்வெட்டர், சுடச்சுட டீ, இவை போதும். கணப்பு வேண்டுமென்றால் வெளியே முற்றத்தில் மூட்டி, இடைவேளையில் போய்க் கை காய்ச்சிக்கொண்டு வாருங்கள்.

முடிந்து வீட்டுக்குப் போவதிலும் கவனம் வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும் காட்டெருமையும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானையும் அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும். தனியாக அனுப்ப வேண்டாம். ஒரே திசைக்குப் போகிறவர்கள் சேர்ந்து, டார்ச்சோடு, சத்தமாகப் பேசிக்கொண்டே போகட்டும். ஜெயித்த சந்தோஷத்தில் பட்டாசு வெடித்து வைக்காதீர்கள், மிரண்ட மிருகம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. குடித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவரின் சாவியை வாங்கி வைக்க ஒரு மூத்தவரை முன்பே நியமித்துவிடுவது நல்லது.

நாங்கள் கோல் பார்ப்பதற்குள் பக்கத்து வீட்டில் கத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

டிஷ்ஷில் வருவதைவிட ஆப்பில் வருவது தாமதம். நெட் வேகத்தைப் பொறுத்து அரை நிமிடம்கூடப் பின்தங்கும். பெரிய ஆட்டங்களுக்கு டிஷ் அல்லது கேபிள், ஆப் இரண்டாம் பட்சம். ஆப்தான் வழி என்றால் எல்லா போனையும் சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், ஸ்கோர் நோட்டிஃபிகேஷன்தான் முதல் துரோகி.

டிஷ் சிக்னல் போனால் பனிமூட்டத்தைத் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் பலத்த மழை, அல்லது காற்றில் தளர்ந்த நட்டு, அல்லது ஒயர் கனெக்டரில் இறங்கிய தண்ணீர். ஒயர் கனெக்டருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும். நட்டை மழைக்காலத்துக்கு முன்பே முறுக்கி வையுங்கள். கூடலூர் பக்கம் என்றால் மே மாதத்திலேயே, குன்னூர், கோத்தகிரி என்றால் அக்டோபருக்குள்.

கரண்டுக்கு: 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் மூன்றையும் இரண்டு மேட்ச் தாராளமாகத் தாங்கும். 300 வாட் புரொஜெக்டர் என்றால் மூன்று, மூன்றரை மணி நேரம்தான். மூன்று நாலு வருஷம் ஆன பேட்டரியில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். குளிரில் இன்னும் குறையும்.

நவம்பர் வந்தாலே "கோச்சை மாத்தணும்" என்று ஆரம்பிக்கிறார்களே. மாற்றினால் பலன் உண்டா?

இது சீசனிலேயே நீண்ட சண்டை, இரண்டு பக்கமும் ஆதாரம் இருப்பதால்.

மாற்ற வேண்டும் என்பவர் 2021 செல்சியைக் காட்டுவார். ஜனவரியில் லாம்பார்டை நீக்கி டூஹலைக் கொண்டுவந்தார்கள், மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கையில். பொறுக்க வேண்டும் என்பவர் ஆர்சனலைக் காட்டுவார். 2019 டிசம்பரில் ஆர்டேட்டா வந்தார், அந்த சீசன் எட்டாமிடம், அடுத்ததும் எட்டாமிடம், பிறகு ஐந்து, அதன்பின் தொடர்ந்து மூன்று சீசன் இரண்டாமிடம். மூன்றாவது ஆள் மான்செஸ்டர் யுனைடெட்டை இழுப்பார். 2024 அக்டோபரில் டென் ஹாகை நீக்கி அமோரிமைக் கொண்டுவந்தும் அந்த சீசன் 15-ம் இடத்தில்தான் முடிந்தது. மூன்றும் உண்மை.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கோச்சை எப்போது நீக்குகிறார்கள்? வரிசையாகத் தோற்று அடிமட்டத்தில் இருக்கும்போது. அங்கிருந்து யார் வந்தாலும், யாரும் வராவிட்டாலும், பெரும்பாலான அணிகள் கொஞ்சம் மேலே வரும். காயம் ஆறும், அட்டவணை இளகும், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து உள்ளே போகும். புது கோச் வந்த முதல் ஐந்து ஆட்டத்தை வைத்து முடிவு கட்டினால் இந்த இயல்பான மீட்சியையும் அவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

வாதத்தை உருப்படியாக நடத்த வேண்டுமென்றால் மூன்று விஷயம் பாருங்கள். நீக்கப்படும் முன் கடைசி பத்து ஆட்டத்தில் எத்தனை நல்ல வாய்ப்பு உருவாக்கினார்கள், எத்தனை கொடுத்தார்கள். அதே கணக்கு, புதியவர் வந்த பத்து ஆட்டத்தில். கூடவே, காயத்தில் வெளியே இருந்த முதல் பதினொருவர் எத்தனை பேர். வாய்ப்புக் கணக்கு மாறாமல் முடிவு மட்டும் மாறியிருந்தால் அது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் திருப்பம். வாய்ப்புக் கணக்கே மாறியிருந்தால் கோச்சுக்குச் சபாஷ் போடலாம்.

"நல்லா ஆடித்தான் தோத்தோம்" என்கிற பேச்சை ஏற்கலாமா? எக்ஸ்ஜி காட்டுகிறார்களே?

எக்ஸ்ஜி என்பது ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்ற மதிப்பு. பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை போடுவார்கள். முப்பது கெஜத்திலிருந்து அடித்தால் நூறில் இரண்டு, மூன்று பங்குதான். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு அணி எத்தனை கோல் போட்டிருக்கக்கூடும் என்று தெரியும்.

ஒரே மேட்சுக்கு இதை வைத்துச் சண்டை போடுவது வீண். ஒரு பெனால்டி தவறினாலே எண் ஊதிவிடும். பத்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்ட அணி பின்வாங்கித் தடுத்து ஆடும், எதிரணி சும்மா அடித்து அடித்து எண்ணை ஏற்றும். சிவப்பு அட்டை விழுந்த ஆட்டம் அந்தக் கணக்குக்கே லாயக்கில்லை. பத்து மேட்சைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் உங்கள் அணி வாய்ப்பில் முன்னால் இருந்து புள்ளியில் பின்னால் இருந்தால், "நல்லா ஆடித்தான் தோத்தோம்" என்பது நியாயமான பேச்சு.

ஆஃப்சைட் கோடு சண்டை. டிவியில் பார்த்தால் தெளிவாக உள்ளே இருக்கிறானே!

டிவியை நம்பாதீர்கள். கேமரா நடுக்கோட்டுக்கு நேரே இருக்கிறது. பெனால்டி பெட்டிப் பக்கம் நடப்பதைச் சாய்வாகத்தான் காட்டும். புல் வெட்டிய பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு தேறும்.

விதி இதுதான்: எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும்விட கோல் கோட்டுக்கு அருகில் தலை, உடல், கால் ஏதாவது ஒன்று இருந்தால் ஆஃப்சைட் நிலை. கை சேராது. அக்குளின் அடிமட்டத்துக்கு மேலே தோள், கீழே கை என்று கணக்கு. சமமாக இருந்தால் ஆஃப்சைட் இல்லை. த்ரோ-இன், கார்னர், கோல் கிக் இவற்றிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைட் கிடையாது. இந்தக் கடைசி வரியை மறந்துதான் நிறையப் பேர் தொண்டை வறளக் கத்துகிறார்கள்.

சட்டைக் கை அளவு ஆஃப்சைட்டில் எல்லாருக்கும் வரும் கோபத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். டிஃபெண்டர் எதிர்த்திசையில் ஓடினால் இடைவெளி இன்னும் கூடும். பந்து காலில் பட்ட கணம் எந்தப் படம் என்று தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு சாண் மாறிப்போகலாம். பிரீமியர் லீக்கில் 2025 ஏப்ரலில் பாதித் தானியங்கி முறை வந்த பிறகு கோடு போடுவது வேகமானது, கையால் போட்ட காலத்துச் சந்தேகம் குறைந்தது. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல் மறுக்கப்பட்டது வேறு வகை. அங்கே கோடு சரியாகத்தான் இருந்தது. களத்தில் என்ன தீர்ப்பு சொன்னார்கள் என்பதை வீடியோ அறையில் தவறாகப் புரிந்துகொண்டார்கள். நடுவர் அமைப்பே பிழையை ஒப்புக்கொண்டது.

கையில் பட்டால் எல்லாமே ஹேண்ட்பாலா?

இல்லை. வேண்டுமென்றே தொட்டால், அல்லது கையை இயல்பில்லாமல் விரித்து உடம்பைப் பெரிதாக்கியிருந்தால் குற்றம். கையில் பட்டு நேராகக் கோலானாலோ, பட்டவனே உடனே கோல் போட்டாலோ, தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் கிடையாது. கூட ஆடுகிறவன் கையில் தற்செயலாகப் பட்டு, பிறகு இன்னொருவன் போட்டால் கோல் செல்லும். 2021ல் விதியை அப்படித் திருத்தினார்கள்.

கூடலூரில் ஒரே தெருவில் கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையின் எஃப்சி, பெங்களூரு எஃப்சி மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வந்தாலே அடிதடி. எப்படிச் சமாளிப்பது?

மூன்று மாநிலம் கூடும் ஊரில் அது இயற்கை. நாடுகாணி இறங்கினால் நிலம்பூர், முதுமலை தாண்டினால் கர்நாடகம். அணி எது என்பதை வைத்து ஆளின் ஊரையோ மொழியையோ இழுக்காதவரை இந்தக் கலப்புதான் இங்கே மேட்ச் பார்ப்பதன் அழகே.

யார் எதைச் சொல்லிக் குத்துவார்கள் என்று தெரிந்திருந்தால் பதிலும் தயாராக இருக்கும். சென்னையின் எஃப்சி 2015லும் 2017-18லும் சாம்பியன். அதில் இரண்டாவது, பெங்களூருவிலேயே பெங்களூருவை 3-2 என்று வென்றது. பெங்களூரு 2018-19 சாம்பியன். பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2021-22 என மூன்று முறை ஃபைனல் போய் மூன்றிலும் தோற்றது, பின் இரண்டும் பெனால்டி ஷூட்அவுட்டில். அத்தனை தோல்விக்குப் பிறகும் மஞ்சள் சட்டைக் கூட்டம் குறையவில்லை என்பதை மற்ற இரண்டு பக்கமும் மரியாதையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறாத புண் 2023 மார்ச் 3. பெங்களூரு கண்டீரவா மைதானம், பிளேஆஃப், 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, பிளாஸ்டர்ஸ் சுவர் அமைப்பதற்குள் பெங்களூருவின் சுனில் சேத்ரி சட்டென்று அடித்து உள்ளே போட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் கோச் வுகோமனோவிச் அணியைக் களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார். வெற்றி பெங்களூருக்கு வழங்கப்பட்டது, பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை.

விதிப்படி, ஃப்ரீ கிக்கை விசில் இல்லாமலே வேகமாக அடிக்கலாம். ரெஃப்ரி "நில்லு, என் விசிலுக்குப் பிறகு" என்று காட்டியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டும். ஆக வாதம் முழுக்க, அவர் அப்படிக் காட்டினாரா என்ற ஒன்றில்தான் நிற்கிறது. களத்தைவிட்டுப் போனது சரியா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் பிரித்துப் பேசினால் இரு பக்கமும் ஏதாவது ஒன்றில் ஒத்துப்போகும். கலந்தால் விடியும்வரை பேசலாம்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால்?

திரும்பி வருவதை முதலில் யோசியுங்கள். பண்டிப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஏழரை மேட்ச் முடிந்து பெங்களூரிலிருந்து கிளம்பினால் குண்டல்பேட்டைக்கு முன்பே விடியக் காத்திருக்க வேண்டும், மைசூரில் தங்குவது மேல். சென்னைக்குப் போனால் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்ச் முடிவதற்குள் சென்ட்ரலைவிட்டுப் போயிருக்கும், கோவை போகும் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யுங்கள். கொச்சிக்குக் கூடலூர்க்காரர்கள் நிலம்பூர் வழி, ஊட்டி, குன்னூர்க்காரர்கள் கோவை, பாலக்காடு வழி. சீசன் எப்போது தொடங்குகிறது என்பதையும் உறுதி செய்துகொண்டு லீவு போடுங்கள். 2025ல் ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் வழக்கமான செப்டம்பரில் தொடங்கவே இல்லை.

ஜனவரியில் தினம் ஒரு ஆளை வாங்குகிறார்கள் என்று செய்தி. எதை நம்புவது?

கிளப் தன் பக்கத்தில் அறிவித்தால் நம்புங்கள். "பேச்சு நடக்கிறது" என்பதற்கு ஏஜென்ட் சம்பளம் ஏற்றப் பார்க்கிறார் என்றும் அர்த்தம் இருக்கலாம். மெடிக்கல் (உடல் பரிசோதனை) முடிந்தும் நின்றுபோனவை உண்டு. ஜனவரியில் வருகிற ஆள் புது ஊர், புது ஆட்டமுறைக்குப் பழகவே மார்ச் ஆகிவிடும், அவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று இரண்டு வாரத்தில் ஏறும் நம்பிக்கைதான் பிப்ரவரியில் கசப்பாக இறங்குகிறது.

"உங்களுக்கு எத்தனை கப்?" சண்டைக்கு முடிவு உண்டா?

2024-25 முடிவில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் லிவர்பூலுக்கும் இங்கிலாந்து லீக் பட்டம் ஆளுக்கு 20. யுனைடெட்டின் இருபதில் 13, 2013ல் ஓய்வு பெற்ற கோச் ஃபெர்குசன் காலத்தில் வந்தவை. ஐரோப்பியக் கோப்பை (இப்போதைய சாம்பியன்ஸ் லீக்) என்றால் லிவர்பூல் 6, யுனைடெட் 3. அண்ணன்மார் ஃபெர்குசன் காலத்தில் நின்றுகொண்டு பேசுவார்கள், தம்பிகள் கண்ணால் பார்த்தது யுனைடெட் 15-ம் இடத்தில் முடிந்ததைத்தான். எந்த வருஷத்திலிருந்து கணக்கு என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸி, ரொனால்டோ சண்டைக்கும் இதே வழிதான்.

தோற்ற அன்று கிண்டல் எந்த அளவு வரை போகலாம்?

அணியைக் கிண்டல் செய்யலாம், ஆளைக் கூடாது. சாதி, மொழி, ஊர், வேலை, வீட்டுப் பெண்கள், இந்த ஐந்தும் அறவே வெளியே. பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் "அண்ணே, உங்க டீம் இன்னிக்குத் தூங்கிட்டாங்க போல" என்பது வரை சரி, அதற்கு மேல் அவரே சிரித்துக்கொண்டு தொடர்ந்தால் மட்டும். சின்னப் பையன்கள் அழும் அளவுக்குப் போகவே கூடாது. பத்து வயதில் பட்ட கேலியால் ஃபுட்பாலையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அது நமக்கெல்லாம் நஷ்டம்.

நடைமுறையில் பலன் தருவது: விசில் ஊதியதும் வாட்ஸ்அப் குரூப்பை ஒரு மணி நேரம் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். நேரில் முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எழுத்தில் வரும். உட்காரும் இடத்தை அணிவாரியாகப் பிரிக்காதீர்கள். கலந்து உட்கார்ந்தால் குரல் தானாகத் தணியும்.

பந்தயம் கட்டலாமா?

டீயும் ஊட்டி வர்க்கியும், அல்லது ஒரு செட் பரோட்டா, அதோடு நிறுத்துங்கள். பணம் வேண்டாம். ஆப்பில் பணம் கட்டுவது தமிழ்நாட்டுச் சட்டத்திலும் 2025 மத்திய சட்டத்திலும் தடை செய்யப்பட்டது. அதைத் தாண்டி, காசு கட்டியவன் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை, ஸ்கோரைத்தான் பார்க்கிறான்.

3-0 முன்னால் இருக்கும்போது நாலாவது கோலுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

பிரீமியர் லீக்கில் புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2011-12 சீசனைப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி, யுனைடெட் இரண்டும் 89 புள்ளி. சிட்டி போட்டது 93, வாங்கியது 29, வித்தியாசம் +64. யுனைடெட் போட்டது 89, வாங்கியது 33, வித்தியாசம் +56. பட்டம் சிட்டிக்கு. அந்த அக்டோபரில் யுனைடெட் மைதானத்தில் சிட்டி 6-1 என்று வென்றிருந்தது.

அந்த ஆட்டம் 1-0 என்று முடிந்திருந்தால்? சிட்டி போட்டதில் ஐந்து குறையும், வாங்கியதில் ஒன்று குறையும்: 88, 28. யுனைடெட் போட்டதில் ஒன்று, வாங்கியதில் ஐந்து குறையும்: 88, 28. அச்சு அசலாக ஒன்று. கடைசி நாளில் சிட்டியின் அகுவேரோ போட்ட கோலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அக்டோபரில், ஜெயித்துவிட்டோம் என்று நிற்காமல் ஓடிப் போட்ட கோல்களும் அதே அளவு பட்டம் வென்றவை. ஜெயிக்கிற மேட்சில் எழுந்து போகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஸ்பெயின் லீக்கிலும் ஐஎஸ்எல்லிலும் புள்ளி சமமானால் இருவரும் மோதிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதையும் நினைவில் வைத்து வாதாடுங்கள்.

40 புள்ளி எடுத்தால் இறங்காமல் தப்பிக்கலாம் என்பது உண்மையா?

உத்தரவாதம் இல்லை. 2002-03ல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. ஆனால் சில சீசன்களில் அதைவிட மிகக் குறைவே போதுமானதாக இருந்தது. 2023-24ல் 18-ம் இடம் பிடித்த லூட்டனுக்கு 26, 2024-25ல் லெஸ்டருக்கு 25. உறுதியான கணக்கு ஒன்றுதான்: 18-ம் இடத்தில் இருப்பவரின் புள்ளியோடு, மீதமுள்ள ஆட்டத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். உங்கள் புள்ளி அதைத் தாண்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மேலே பட்டத்துக்கும் இதே கணக்குதான். 97 புள்ளி எடுத்தும் லிவர்பூல் 2018-19ல் இரண்டாவதாகத்தான் வந்தது, சிட்டி 98.

கடைசி நாள் எல்லா மேட்சும் ஒரே நேரம். எதைப் போடுவது?

பத்து ஆட்டமும் ஒரே சமயம் தொடங்கும், நமக்கு வழக்கமாக இரவு 8:30. பெரிய திரையில் பட்டத்தை முடிவு செய்யும் மேட்ச், பக்கத்தில் சின்ன டிவியில் இறங்குகிறவர் மேட்ச், கரும்பலகையில் ஒருவர் நேரடி டேபிள் எழுதட்டும். எழுதுகிறவர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவராக இருப்பது முக்கியம்.

மே என்பது இங்கே மலர்க்கண்காட்சிக் கூட்டம். டாக்ஸி டிரைவர்கள், ஹோட்டல் ஆட்கள், கடைக்காரர்கள், வருஷம் முழுக்க வந்தவர்கள், அன்று வேலையில் மாட்டியிருப்பார்கள். அவர்களுக்காக மறுநாள் காலை ஒரு முறை முழு ஆட்டத்தையும் போடுங்கள், அதுவரை முடிவைச் சொல்லாமல் இருப்பதாக எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்கிற இடங்களில் ஆகஸ்டில் கூட்டம் குறைவதில்லை.

உலகக் கோப்பைக்குக் கட்அவுட் வைக்கலாமா?

2022ல் கோழிக்கோடு புல்லாவூரில் ஆற்றுக்குள் வைத்த மெஸ்ஸி கட்அவுட்டைப் பார்த்து கூடலூர் பக்கமும் ஆசை வருவது நியாயம்தான். ஜூன், ஜூலையில் உலகக் கோப்பை வந்தால் அது தென்மேற்குப் பருவக் காற்று. ஃப்ளெக்ஸில் அரைவட்டமாகச் சில கீறல்கள் போட்டால் காற்று உள்ளே புகுந்து போகும், கிழியாது. மூங்கிலைப் பின்பக்கம் சாய்வாக முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். மின்கம்பத்தில் கட்டவே கூடாது. விழுந்தால் ஒயரைத் தொடாத தூரம் வேண்டும், அதாவது கட்அவுட்டின் உயரத்தைவிடக் கூடுதல் தள்ளி. ரோட்டோரம் என்றால் உள்ளாட்சி அனுமதி வாங்குங்கள்.

சீசன் முடிந்தது. வசூல் பணத்தில் மீதி இருக்கிறது. என்ன செய்வது?

ஜூன் முதல் வாரத்துக்குள் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்: வசூல், சந்தா, கரண்டு, டீ, ரிப்பேர், மீதி. கேட்டபின் காட்டுவதைவிடக் கேட்கும் முன் காட்டுவது நல்லது. கூட்டம் உடைவது பெரும்பாலும் கோச் சண்டையால் அல்ல, இந்தக் கணக்கால்தான். உள்ளே விடக் காசு வாங்குவது வீட்டு டிவி சந்தாவில் செல்லாது, ஆகவே வசூல் என்பது செலவைப் பங்கிடுவதாக மட்டுமே இருக்கட்டும். மீதியில் முதல் செலவு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி சார்ஜ் நிலை பார்ப்பது, அடுத்தது டிஷ் ஒயர். ஆளுக்கு இவ்வளவு என்று திருப்பிக் கொடுப்பதானால் பாதியில் நின்றவர்களுக்கும் அவர்கள் கொடுத்த மாதங்களுக்கு ஏற்பச் சேர்த்துக் கொடுங்கள். ஜூன் நடுவில் அடுத்த சீசன் அட்டவணை வெளிவந்ததும் புது நோட்டு வாங்க ஐம்பது ரூபாயை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.